எழுபது காட்டிய முள்

ஓஹையோ
14 செப்டம்பர் 1987

அன்புள்ள மாப்பிள்ளை மெரிட்டுக்கு லைல் எழுதுவது.

ஆறு வருஷமாக ஒரு வரி எழுதாதவன் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று கிழித்துப் போட்டுவிடாதே. படித்துவிட்டுக் கிழி. உறைக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் வைத்திருக்கிறேன். அதைத் தொலைத்துவிடாதே.

முதலில் நல்ல செய்தி. உன் மகள் டெஸ்ஸுக்குக் கல்யாணம், அக்டோபர் பதினேழு, சனிக்கிழமை. மாப்பிள்ளை ஆர்லன் பால் பண்ணைக்காரன், அதிகம் பேசமாட்டான், நல்லவன். போன மாதம் அவள் என் ஷெட்டுக்கு வந்து, “அப்பாவைக் கூப்பிடப் போறதில்ல. சர்ச்சுல நீங்கதான் என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும் மாமா” என்றாள். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவளிடம் சொன்னதைத்தான் இப்போது உன்னிடமும் சொல்கிறேன்.

ஆறு வருஷத்துக்கு முந்தைய அந்த வெள்ளிக்கிழமை, மறுநாள் பந்தயத்துக்காக உன் பிளிமத் காரில், பின் சக்கரங்களைச் சுழற்றும் கிரவுன் பினியனைப் புதிதாக மாட்டினேன். பழையதில் ஷாஃப்ட் மூன்று சுற்றுக்குக் கொஞ்சம் மேலே சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று; புதியதில் நான்குக்கும் மேலே. மிதித்தால் வண்டி பாய வேண்டும், அதற்குத்தானே அத்தனை பாடு! பல்லில் மஞ்சள் சாயம் தடவி, தடம் நடுவில் விழுகிறதா என்று ஆறு தடவை சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அந்த வேலையில் நான் குறை வைக்கவில்லை.

அதை மாற்றினால் ஸ்பீடோமீட்டரை ஓட்டும் சின்னப் பல்சக்கரத்தையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் முள் வேகத்தைக் கூட்டிக் காட்டும். அது தபாலில் வந்து சேரவில்லை. நீ, “மச்சான், முள்ளையும் சரி பண்ணிட்டீங்கல்ல?” என்று கேட்டாய். “எல்லாம் முடிஞ்சுதுடா, கிளம்பு” என்றேன். பந்தயத் தடத்தில் முள்ளை எவன் பார்க்கப் போகிறான் என்ற அலட்சியம்.

டயர் கட்டையாக இறுகிப் போயிருக்கிறதே என்றும் கேட்டாய். இந்த வருஷம் தாங்கும் என்றேன். தடத்தைக் கவ்வட்டும் என்று பின் டயர் இரண்டிலும் பதினெட்டு பவுண்டுக்குக் காற்றை இறக்கியதும் நான்தான். காய்ந்த தடத்தில் அது கவ்வும், மழைத் தண்ணீரில் மிதக்கும். எனக்கா தெரியாது? வானம் கறுத்து வந்ததைப் பார்த்தும் திரும்பக் காற்றடிக்கச் சோம்பல்பட்டேன். கொரின் ஜன்னலை இறக்கி, “அண்ணா, நாளைக்காவது நகத்துல கிரீஸ் இல்லாம வா, போட்டோ எடுக்கணும்” என்று கிண்டல் செய்தாள். என் தங்கை என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது.

வீட்டுக்குப் போகும் வழியில், கொட்டும் மழையில், மேட்டு வளைவில் நீ லேசாகத்தான் மிதித்தாய். வண்டியின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. “முள் எழுபது மைல்ல இருந்துச்சு, என் தப்புதான்” என்று போலீஸிடம் நீயே சொன்னாய். அதை வைத்துத்தான் உன்னை உள்ளே தள்ளினார்கள். பதினோரு மாதம்.

மாப்பிள்ளை, நீ போனது ஐம்பத்தைந்து மைல் வேகம். நூறு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அந்த ரோட்டில் போகலாம் என்று போர்டு வைத்திருப்பதே ஐம்பத்தைந்துதான்.

கொரினை அடக்கம் செய்த அன்று கல்லறையில் உன் சட்டையைப் பிடித்து, “என் தங்கச்சியை வச்சுக்கிட்டு எழுபதுல போனியாடா பாவி?” என்று ஊரே கேட்கக் கத்தினேனே, சத்தியமாக அப்போது அந்த முள் என் ஞாபகத்திலேயே இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை தபாலில் இந்தப் பல்சக்கரம் வந்தது. பொட்டலத்தைப் பிரித்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. கோர்ட்டில் உன் வழக்கு வந்த அன்று இது என் சட்டைப் பைக்குள் இருந்தது. நீ குற்றத்தை ஒப்புக்கொண்டாய். நான் பின்வரிசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே ஆறு வருஷம் ஓடிவிட்டது. கோழை என்று நீ திட்டு. நான் தினமும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஷெரிஃபிடம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். என்ன செய்வார்களோ செய்யட்டும்.

டெஸ் நான் சொன்னதைக் கேட்டதும் போய்விட்டாள். மூன்றாம் நாள் வந்தாள், ஷெட்டுக்குள் நுழையவில்லை. வெளியே நின்றபடியே, “அப்பாவை வரச் சொல்லுங்க. நீங்க வராதீங்க” என்றாள். அவ்வளவுதான். மாமா என்று சொல்லவில்லை.

அவள் சொன்னபடியே செய்கிறேன். அன்றைக்கு நான் சர்ச்சுப் பக்கமே வரமாட்டேன், என் முகத்தில் விழிக்க வேண்டுமே என்று நீ தயங்காதே. நீ ஸ்டியரிங்கைத் தொட்டே ஆறு வருஷமாகிறது என்று கேள்விப்பட்டேன். பஸ்ஸிலாவது வந்து சேர். மொன்டானாவிலிருந்து இரண்டு நாளாகும், முன்னதாகவே கிளம்பு. கொரினின் கல்யாணக் கவுனைத்தான் குறுக்கித் தைத்து உடுத்தப் போகிறாளாம். பார்த்ததும் மனசு தாங்காது, தயாராக வா.

எழுபதில் போனவன் என்று உன்னைப் பேசிய அத்தனை பேரும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். மகள் கையைப் பிடித்துக்கொண்டு அவர்களுக்கு நடுவே தலை நிமிர்ந்து மெதுவாக நட.

இப்படிக்கு,
கொரினின் அண்ணன்
லைல்