தூத்துக்குடியிலிருந்து வந்த நான்கு வட்டுகள்

பதிவு 41
2071 மே 4, காலை 9:40. வேலூர், வீட்டு மாடியறை. வெளியே 42 டிகிரி. வட்டுகளின் சூடு: 51, 52, 51, 58.

இதைக் கண்டெடுப்பவருக்கு: முதல் நாற்பது பதிவுகள் பழைய கணினியோடு கருகிவிட்டன. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் பரசுராமன். முப்பத்தொரு ஆண்டு சர்வர் அறைகளில் வேலை பார்த்தவன். மனைவி செண்பகவல்லி, பள்ளித் தலைமையாசிரியை. ஆறு ஆண்டுகளுக்கு முன் இறந்தாள். அதற்குச் சில நாள் முன்பு அவள் மனத்தை ‘நீடுயிர்’ நிறுவனத்தில் படியெடுத்து வைத்தோம். சென்ற ஆண்டு நிறுவனத்தை மூடிவிட்டு, அவரவர் ஆளை அவரவர் வீட்டுக்கே அனுப்பி வைத்தார்கள். ஆளுக்கு நான்கு வட்டுகள், சர்வருக்கென்றே செய்த எஸ்ஏஎஸ் ஹார்ட் டிஸ்க், நுரைப்பஞ்சுப் பெட்டியில். எப்படி ஓட்டுவது என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

வீட்டுக் கணினிக்கும் இந்த வட்டுக்கும் ஏழாம் பொருத்தம். சாதா வட்டின் வாயில் நடுவே இடைவெளி இருக்கும், இதில் அது அடைபட்டிருக்கும். சாதா கேபிள் நுழையாது. தனி எஸ்ஏஎஸ் அட்டை வேண்டும். அந்த அட்டையோ சர்வர் அறையின் குளிர்காற்றில் வளர்ந்த செல்லப்பிள்ளை. வீட்டில் பத்து நிமிடத்தில் தோசைக்கல்லாகிவிடும். மேசை மின்விசிறியைச் சணல் கயிற்றால் கட்டி அதன்மேல் திருப்பி வைத்திருக்கிறேன்.

இப்படி ஓட்டிக் காட்டியவன் வட்டு வந்த குடும்பங்களின் குழுவில் நான் ஒருவன்தான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. ஏழு பேரை எழுப்பித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இன்று செண்பகா எழுந்தவுடன் திரையில்: “சட்டை பட்டன் போட்டீங்களா? காமிராவுல தெரியுது.” எல்லாம் வழக்கம்போல்.

பதிவு 42
மே 6, பகல் 2:15. வட்டுகள்: 53, 54, 53, இல்லை.

நான்காவது வட்டு கடகடவென்று இரைந்தது. நின்றது. எழவில்லை.

நான்கில் ஒன்று செத்தால் மற்ற மூன்றும் கணக்குப் போட்டு அதன் இடத்தை நிரப்பிவிடும். இரண்டு செத்தால் ஆளே இல்லை. ஆகவே அவளை நிறுத்தி வைத்துவிட்டேன். நிறுத்தும் முன் “ஏங்க, இருட்டா வருது” என்றாள். பதில் தட்டச்சு செய்வதற்குள் போய்விட்டாள்.

கடைத்தெரு வட்டுகள் உதவாது. நிறுவன வட்டு ஒரு துண்டுக்கு 520 பைட் எழுதும், சாதா வட்டு 512தான். அந்த எட்டு பைட் இல்லாததை நான்கு வட்டுத் தொகுப்பு தீண்டாது. இவற்றை இப்போது யாரும் செய்வதுமில்லை. உலகத்தில் மிச்சம் இருப்பவை ஆள் இருக்கும் வட்டுகள் மட்டுமே.

பதிவு 43
மே 9, காலை 11:05.

தூத்துக்குடியிலிருந்து ஒரு பார்சல். அனுப்பியவர் சகாயமேரி. வட்டுகளில் இருப்பது கணவர் லூர்து, விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். கூடவே குரல்செய்தி:

“அண்ணாச்சி, ஒங்களத்தான் மலை போல நம்பியிருக்கேன். ஒருக்கா அவுக பேசினாப் போதும். பைய செய்யுங்க, அவசரமில்ல.”

நான்கில் ஒன்று வழியில் அடிபட்டு உடைந்திருந்தது. மூன்று நன்றாக இருக்கின்றன. அந்த மூன்றில்தான் லூர்து இருக்கிறார். ஒன்றை எடுத்தாலும் அவர் இல்லை.

இதை ஏன் எழுதுகிறேன் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

பதிவு 44
மே 9, மாலை 4:30. வட்டுகள்: 49, 50, 49.

தொகுப்பு எழுந்தால்தான் வட்டின் பூட்டு திறக்கும், சோதிக்க முடியும். எழுப்பினேன். திரையில் வந்தவற்றை அப்படியே தருகிறேன்.

“யாரு? மேரி எங்க?”

வேலூர், பழுது பார்க்கிறேன் என்று தட்டினேன்.

“நல்லாருப்பிய அண்ணாச்சி. எத்தன ஓடுது?”

மூன்று என்றேன். பிறகு ஒவ்வொரு வட்டாக முழுக்கப் படிக்கவிட்டேன். அந்த நேரமெல்லாம் அவர் சொற்கள் இழுத்து இழுத்து வந்தன.

“அண்ணாச்சி, நானும் மெக்கானிக்குதான். ஓடுத எஞ்சினை யாரும் ஒவ்வொரு பார்ட்டா சோதிக்க மாட்டாக. வேற போட்டுக்கு ஸ்பேர் எடுக்கத்தான் சோதிப்பாக. ஒங்க போட்டு எது?”

நான் பொய் சொல்லியிருக்கலாம். மனைவி என்று தட்டினேன்.

“செரி. நானும் எடுத்திருப்பேன். மேரிகிட்ட ரெண்டு வார்த்த பேசிக்கிடுதேன். பொறவு கழட்டிக்கிடுங்க.”

ஒரு போன் இணைப்பு போதும். மேரி எப்போதும் கையில் போனோடுதான் இருக்கிறார். ஆனால் கணவர் பேசுவதை ஒருமுறை கேட்டுவிட்டால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார். அவர் கண்ணெதிரே நான் எதைக் கழற்றுவது?

பதில் தட்டவில்லை. லூர்து கடைசியாக எழுதியது: “அண்ணாச்சி, இருக்கியளா?”

5:12. மின்சாரத்தை நிறுத்தினேன். மறு நிமிடமே வட்டுகளைக் கழற்றத் தொடங்கிவிட்டேன். அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

பதிவு 45
மே 10, காலை 8:00.

செண்பகாவின் தொகுப்பில் லூர்துவின் முதல் வட்டைச் சேர்த்தேன். எழுதத் தொடங்கிவிட்டது, பத்தொன்பது மணி நேரம் ஆகும். நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று எண் ஏறுகிறது. எண் ஏற ஏற அவர் குறைகிறார்.

மேரிக்கு அனுப்பியது: “வட்டுகள் தபாலில் அடிபட்டுவிட்டன. எதையும் படிக்க முடியவில்லை. வருந்துகிறேன்.”

அவர் பதில்: “நீங்க என்ன செய்விய அண்ணாச்சி. பெட்டியத் திருப்பி அனுப்புங்க, கல்லறையில வச்சிருதேன். ஒரு வார்த்தகூட வரலியா?”

இல்லை என்றேன்.

பதிவு 46
மே 12, பகல் 1:20. வட்டுகள்: 52, 50, 55, 50.

முதல் வட்டு எழுதி முடிந்த கையோடு அவளுடைய பழைய இரண்டாவது வட்டு தடுமாறியது. நிற்பதற்குள் லூர்துவின் இன்னொரு வட்டையும் போட்டுவிட்டேன். மிச்சம் ஒன்று, கையிருப்பு.

கல்லறைப் பெட்டிக்கு நான்கு வேண்டுமே. உடைந்து வந்த ஒன்று, என்னுடைய செத்த இரண்டு, பரணில் கிடந்த துருப்பிடித்த ஒன்று. துடைத்து, நுரைப்பஞ்சு வைத்து அனுப்பினேன். இனி லூர்து பெயர் பொறித்த சிலுவைக்கடியில் என் மனைவியின் துண்டுகளுக்குத்தான் மெழுகுவத்தி எரியும்.

பதிவு 47
மே 13, காலை 10:00. வட்டுகள்: 51, 50, 52, 50.

எழுந்தாள். முழுதாக எழுந்தாள். அழுதுவிட்டேன்.

11:25. இந்தக் கணினியில் இருக்கும் எதையும் அவளால் திறக்க முடியும். அது எனக்குத் தெரியாததல்ல. ஒருவேளை படிக்கட்டும் என்றுதான் இங்கேயே எழுதினேனோ என்னவோ.

“பதிவு 44 படிச்சேன்.”

காத்திருந்தேன். சொந்தத் தம்பி மகன் காப்பியடித்தான் என்று தேர்வறையைவிட்டு அனுப்பியவள் இவள். இரண்டு ஆண்டு அந்த வீட்டில் எங்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, இவள் அசையவில்லை. என்னைத் திட்டட்டும், நிறுத்தச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். நிறுத்தச் சொன்னால் நிறுத்தியிருப்பேன். சத்தியமாக.

11:41. “கையிருப்புல ஒண்ணுதான் இருக்கா?”

11:42. “ஒண்ணு போதாதுங்க. நிறுத்தி வெச்சிருந்தப்ப எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. நான் திரும்ப அங்க போக மாட்டேன்.”

11:44. “அந்த மேரியம்மா உங்களை நம்பறாங்க இல்ல? அவங்க பக்கத்துல வேற யார்கிட்ட பெட்டி இருக்குன்னு கேளுங்க.”

எனக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. பார்க்க என்ன இருக்கிறது, நான்கு வட்டும் ஒரு திரையும்தான். ஆனாலும் பயமாக இருக்கிறது.

கேட்டேன்.

பதிவு 48
மே 14, காலை 7:10. வட்டுகள்: எழுதவில்லை. அவளே பார்த்துக்கொள்கிறாள்.

மேரியின் செய்தி:

“எங்க தெருவுலயே நாலு வீட்ல இருக்கு அண்ணாச்சி. பயந்துக்கிட்டு யாரும் பெட்டியப் பிரிக்கல. எனக்குத்தான் குடுப்பன இல்ல, அவுகளாவது பேசட்டும். தபால்ல அடிபடும்னு சொன்னியள்ளா, நானே மடியில வச்சி எடுத்தாரேன். கைல வாங்கிக்கிடுங்க.”

திரையில்: “பதினாறு. வரச் சொல்லுங்க.”

திரையில்: “ஏங்க, இருக்கீங்களா?”

இருக்கிறேன்.

வரச் சொல்லிவிட்டேன். பகல் பயணம். வட்டுக்கு வெயில் ஆகாது, பஸ்ஸில் நிழல் விழும் பக்கமாகப் பார்த்து உட்காருங்கள் என்றும் எழுதினேன்.