கடைசி ஆட்டத்துச் சட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் எல்லாரும் சுகம் என்றுதான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்துவிட்டேன், நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம். உன் சுகத்தையும், அதைவிட உன் இடது கணுக்காலின் சுகத்தையும் அறிய ஆவலாக இருக்கிறோம். வாராவாரம் போனில் பேசுகிற மனுஷன் திடீரென்று பேனாவைப் பிடித்திருக்கிறானே என்று நீ பயப்படுவாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்திலேயே நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள், என் குரல் கொஞ்சம் பிசகினாலும் போனைப் பிடுங்கிவிடுவாள், அதனால்தான் இது. அரங்கத்துக்கு அடியில் நம்முடைய சலவை அறையில், துண்டு மடிக்கிற மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். டிரையர் ஓடிக்கொண்டிருக்கிறது, மேசை ஆடுகிறது, எழுத்து கோணலாக இருந்தால் வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

இந்த வருஷக் கூடைப்பந்து லீக்கை எங்கிருந்து சொல்வது என்றே தெரியவில்லை. ஆரம்பத்தில் எல்லாம் ஜோராகத்தான் இருந்தது. புதுக் கோச் வந்தார், புதுச் சட்டை வந்தது, சாயம் போகாத துணி என்று மேனேஜர் என்னிடம் பெருமையடித்துக்கொண்டார், முதல் சலவையிலேயே துண்டெல்லாம் நீலமாகிவிட்டது. அப்போதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது, சிரிக்காதே. அடுத்தடுத்துத் தோல்வி. உள்ளூரில் தோற்றோம், வெளியூரில் தோற்றோம், ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக் கையைத் தூக்கிய ஆட்டத்தையும் கடைசி நொடியில் எவளோ நடுக்கோட்டிலிருந்து எறிந்த பந்தில் தோற்றோம். நான் ஆட்டம் பார்க்கிறவன் இல்லை, என் தலைக்கு மேலேதான் ஆட்டம், எனக்கு எல்லாம் சத்தம்தான், அது உனக்குத் தெரிந்ததுதானே. முன்பெல்லாம் கூட்டம் காலைத் தட்டினால் மேற்கூரைத் தூசி சோப்புப் பொடியில் விழும், டப்பாவை மூடி வைப்பேன். இப்போது டப்பா திறந்தே கிடக்கிறது. பந்து தரையில் படுகிற சத்தம் தனியாகக் கேட்கிறது, கோச் கத்துகிற ஒவ்வொரு வார்த்தையும் கேட்கிறது, அவர் பாவம் இப்போது கத்துவதையும் விட்டுவிட்டார். உன் அம்மா டிக்கெட் கவுன்டரில் வருவோர் போவோர் இல்லாமல் ஒரே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் கண்ணாடி இவ்வளவு சுத்தமாக ஒருநாளும் இருந்ததில்லை.

கடைசி இடத்தில் முடிக்கிற அணி அடுத்த வருஷம் லீக்கில் கிடையாது. எங்களுக்கு மேலே இருக்கிறவர்களுக்கு ஆட்டமெல்லாம் முடிந்துவிட்டது, எங்களுக்கு மட்டும் ஒன்று பாக்கி. அதை ஜெயித்தால் அவர்களைத் தாண்டிப் பிழைத்துக்கொள்வோம், தோற்றால் நாங்கள்தான் வெளியே. அந்த ஒன்று நீ இப்போது ஆடுகிற உங்கள் அணியோடு என்பது உனக்கே தெரியும், நான் சொல்லவேண்டியதில்லை. நீ அறியாதது ஒன்று இருக்கிறது, அம்மா சொல்லவேண்டாம் என்றாள், சொல்லிவிடுகிறேன். போன வாரம் இரண்டு பேர் டேப்போடு வந்தார்கள். கோர்ட்டை அளந்தார்கள், படிக்கட்டை அளந்தார்கள், பிறகு கீழே இறங்கி வந்து, பெரியவரே கொஞ்சம் தள்ளிக்குங்க என்று சொல்லி என் அறையையும் அளந்தார்கள். நாற்காலி, அலமாரி விற்கிற கம்பெனி ஆட்களாம். அணி வெளியே போனால் அரங்கத்தை அவர்களுக்குக் கிடங்காகக் கொடுத்துவிடப் பேச்சாம். ஒருவன் என் மெஷின்மேல் கையை வைத்து, இதையெல்லாம் எடுத்துருவீங்கல்ல என்று கேட்டான். எடுத்துருவோம் தம்பி என்று சொன்னேன், வேறு என்ன சொல்வது. மெஷின் போனால் நான் போனேன், கவுன்டர் போனால் அம்மா போனாள், அணி பஸ் போனால் அதை ஓட்டுகிற உன் அண்ணன் போனான். ஒரே வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே கூரைக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்தது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அண்ணி மாசமாக இருக்கிறாள், அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் உன் அண்ணன் ஓட்டாத நேரத்திலும் பஸ்ஸுக்குள் போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவளே தெரிந்துகொண்டுவிட்டாள் என்று நினைக்கிறேன்.

உன் சிநேகிதி கொக்கைப் பற்றி நீ போனில் விசாரித்தாய், நான் பேச்சை மாற்றினேன். இப்போது சொல்கிறேன். எனக்குச் சட்டைகளைத் தெரியும், பாப்பா. கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டித்தான் மெஷினில் போடுவேன், அதனால் எல்லாச் சட்டையும் என் கையில் கொஞ்ச நேரம் இருக்கும். பெஞ்சில் உட்கார்ந்தவளின் சட்டை லேசாக இருக்கும். ஓடியவளின் சட்டை கழுத்துப் பட்டையிலிருந்து கீழ் மடிப்புவரை நனைந்து கனக்கும். ஓடுகிற மாதிரி பாவலா காட்டியவளுடையது அக்குளில் மட்டும் ஈரம், முதுகில் ஒன்றும் இருக்காது. நீ இங்கே ஆடின காலத்தில் உன்னுடையதைப் புரட்டிப் பார்க்கவே வேண்டியதில்லை, ஆட்டம் முடிந்ததும் படிகளில் தடதடவென்று இறங்கிவந்து அந்த ஈரச் சட்டையோடேயே என் மேல் சாய்ந்துவிடுவாய், என் சட்டையையும் சேர்த்துத் துவைக்க வேண்டியிருக்கும். சீசன் நடுவில் ஒருநாள் கொக்கின் சட்டை பூ மாதிரி லேசாக வந்தது. ஆட்டம் முழுக்கக் கோர்ட்டில் நின்றவள், அணித் தலைவி, சட்டையில் ஈரமே இல்லை. அவள் காசு வாங்கிக்கொண்டு தோற்கிறாள் என்று வெளியே பேச்சு வேறு இருந்தது. கூப்பிட்டு, சட்டையைக் காட்டி, என்னம்மா இது என்று கேட்டேன். அவள் அந்த நீளக் காலை மடக்க முடியாமல் மடக்கி இந்த மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். முட்டி போய்விட்டதாம், டாக்டரிடமும் சொல்லாமல் மறைத்திருக்கிறாள், நான் உக்காந்தா அப்புறம் யாரு மாமா இருக்கா என்றாள். உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள், எனக்கும் மகள்தானே, தோளைத் தட்டிக்கொடுத்து டாக்டரிடம் அனுப்பினேன். இப்போது முட்டியைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடுகிறாள், சட்டை பிழிந்தால் சொட்டுகிறது. அன்றைக்கு உன்னைத் தடுக்க நிற்கப்போகிறவள் அவள்தான்.

இனி நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன், இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தது அதற்குப் பயந்துதான். உங்கள் அணி அடுத்த சுற்றுக்குத் தேறிவிட்டதால் பெரிய ஆட்டக்காரிக்கு ஓய்வு கொடுத்து முதல் ஐந்து பேரில் உன்னை இறக்கப்போகிறார்கள் என்று நீ சொன்னாய் இல்லையா, அம்மா அதைக் கேட்டுத் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள், பெருமை தாங்கவில்லை அவளுக்கு. மறுநாள் மேனேஜர் சலவை அறைக்கு இறங்கி வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் இந்தப் படியில் இறங்கியதே இல்லை, எங்கே உட்காருவது என்று தெரியாமல் அழுக்குக் கூடை விளிம்பில் உட்கார்ந்தார். உங்க பொண்ணு கணுக்கால் வலின்னு சொல்லி ஒரு ஆட்டம் உக்காந்துக்கிட்டா போதுங்க, பெரிய ஆளும் இல்ல, அவளும் இல்லன்னா எங்களுக்கு மூச்சு வரும் என்றார். நம் வீட்டு நிலையில் தலை இடிக்கிற உன்னை உயரம் போதாது என்று சொல்லி இந்த அணியிலிருந்து அனுப்பியவர் இவர்தான், இப்போது நீயில்லாவிட்டால்தான் மூச்சு வருமாம். சிரிப்புக்கூட வந்தது எனக்கு. வீட்டில் சொன்னேன், உன் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பெத்த பொண்ணுகிட்டப் போய் இதக் கேக்கிற அளவுக்கு வந்துட்டோமா, எழுதினீங்கன்னா என் முகத்துல முழிக்காதீங்க என்றாள். அதற்குப் பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் நான் கூடையைத் தூக்கிக்கொண்டு போகும்போது அண்ணன் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டான், பிடித்துக்கொண்டே, உக்காரவெல்லாம் வேணாம்ப்பா, ஆடட்டும், வேகத்த மட்டும் கொஞ்சம் கொறைச்சுக்கட்டும், யாருக்குத் தெரியப்போவுது என்றான். அவனைத் திட்டாதே. உன்னைச் சைக்கிளில் வைத்துப் பயிற்சிக்குக் கொண்டுபோய்விட்டவன் அவன், பிள்ளை பிறக்கப்போகிறது என்ற பயம் அவனை இப்படிப் பேசவைக்கிறது. யாருக்குத் தெரியும் என்று கேட்டான், எனக்குத் தெரியுமேடா என்று அவனிடம் நான் சொல்லவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், உன்னைக் கேட்டுவிடலாம் என்றுதான் இன்றைக்கு உட்கார்ந்தேன். வெட்கத்தை விட்டுக் கேட்டுவிடுவது என்று முடிவுகட்டித்தான் தாளை எடுத்தேன். எடுத்ததும், நீ எத்தனை ஆட்டத்தைப் பெஞ்சிலிருந்து பார்த்தாய் என்பது கண்முன் வந்து நிற்கிறது. கணுக்கால் வலி என்று சொன்னால் இந்தக் கால் தேறாது என்று எழுதி உன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், எந்த வீட்டுக்கு வருவாய், இங்கே ஆட அணியும் இருக்காது. சரி, நன்றாக ஆடு கண்ணு என்று எழுதலாம் என்று பார்த்தால் அண்ணியின் வயிறு கண்முன் வருகிறது, அந்த ஆள் என் மெஷின்மேல் வைத்த கை வருகிறது. இந்த வயதில் எனக்கு யார் வேலை கொடுப்பார்கள், நான் துவைக்கிறதைத் தவிர என்ன கண்டேன். ஆடு என்று எழுதவும் கை வரவில்லை, ஆடாதே என்று எழுதவும் வரவில்லை. ஒரு தகப்பன் இந்த நேரத்தில் இதைச் செய் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், என்னிடம் அந்த வார்த்தை இல்லை, என்னைப் போட்டு உலுக்கினாலும் வராது. கோபித்துக்கொள். நீயே ஒரு முடிவுக்கு வா, வந்ததை என்னிடம் சொல்லாதே, போனிலும் பேச்செடுக்காதே.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். ஆட்டம் முடிந்ததும் நீங்கள் நேரே அடுத்த ஊருக்குப் போகிறீர்கள் என்பதால் வழக்கம்போல உங்கள் அழுக்குக் கூடையும் கீழே என்னிடம்தான் வரும், துவைத்து உலர்த்தி பஸ்ஸில் ஏற்ற வேண்டும். அதில் உன் சட்டையைப் போடாதே. ஒரு பையில் சுற்றி உன்னோடேயே எடுத்துக்கொண்டு போ, போகிற ஊரில் யாராவது துவைக்கட்டும். அது லேசாக வந்தால் என் மகள் எங்களுக்காக என்ன செய்தாள் என்று தெரிந்துவிடும், அந்தப் பிழைப்பில் நான் எப்படி இந்த மெஷின் முன்னால் நிற்பேன். கனமாக வந்தால் எங்கள் பிழைப்பை எது முடித்தது என்று கையிலேயே தெரிந்துவிடும், அதைத் துவைத்து மடித்து உனக்கே கொடுக்க வேண்டும். இரண்டையும் என்னால் தாங்க முடியாது. ஜெயித்தார்கள், தோற்றார்கள் என்பதை மேலேயிருந்து வருகிற சத்தத்தில் தெரிந்துகொள்கிறேன், அது போதும். உன்னைப் பற்றி மட்டும் எனக்குத் தெரியாமல் இருக்கட்டும்.

கணுக்காலுக்குக் கட்டுப் போடும்போது அவசரப்படாதே, குதிகாலிலிருந்து மேலே சுற்று. வெறும் வயிற்றில் ஆட இறங்காதே. கொக்கின் முட்டியில் மட்டும் இடித்துவிடாதே, அவள் வலித்தாலும் சொல்லமாட்டாள். உன் அம்மா பஸ் வாசலில் கம்பளிச் சட்டையோடு நிற்பாள், பின்னல் சரியில்லை என்று சொல்லிவிடாதே, கவுன்டரில் உட்கார்ந்து பின்னியது. உன் உடம்பில் ஒரு குறையும் வராமல், காலும் கையும் எப்போதும் நீ சொன்னபடி கேட்க, நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று உன்னைப் பெற்ற இரண்டு பேரும் மனதார வாழ்த்துகிறோம். அண்ணனும் அண்ணியும் அன்பைச் சொல்லச் சொன்னார்கள்.

மறக்காமல் கீழே வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போ. பார்க்காமல் போனால் தாங்கமாட்டேன். ஆனால் முன்னைப்போல அப்படியே ஓடிவந்து மேலே சாய்ந்துவிடாதே. குளித்துவிட்டு, வேறு சட்டை மாற்றிக்கொண்டு வா.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அப்பா