நைனாவின் நடை

12-1-2002, சனி
விடிந்ததிலிருந்து கடல் காற்று. கூடவே எண்ணூர் அனல்மின் நிலையத்துக் கரித்தூள். குதிரைகளைத் துடைத்த துணி கறுப்பு. பவுனுக்கு இருமல் இல்லை, நல்லவேளை. கிழட்டுக் குதிரை முத்துவுக்கு இருக்கிறது.

வண்ணாரப்பேட்டையில் வாங்க: வெல்லம், கால் கட்டும் துணி, தம்பிக்கு வெள்ளைச் சட்டை. அடுத்த ஞாயிறு குதிரையேற்ற க்ளப்பில் தடை தாண்டும் போட்டி. பவுனு மேல் தம்பி சேகர் ஜெயித்தால் அங்கேயே வேலை. நைனா வாங்கிய கோப்பைகளும் அந்த க்ளப் அலமாரியில்தான். அதைச் சொல்லாமல் அவருக்கு ஒரு நாளும் போகாது.

14-1, பொங்கல்
குதிரைகளுக்கும் பொங்கல். பவுனு என் தட்டிலும் வாய் வைத்தாள்.

சாயங்காலம் மணலில் இரண்டு தடை. நடுவில் நைனா நடந்து அளந்தார். ஆள் நடை நாலு, குதிரைக்கு ஒரு பாய்ச்சல். "ஆறு பாய்ச்சல்" என்றார். பவுனு ஐந்திலேயே தாண்டிவிட்டாள்.

"இந்தக் கய்தை சொன்ன பேச்சு கேக்காது."

அவள் மேல் தப்பில்லை. பின்னாலேயே நடந்து பார்த்தேன், ஐந்துதான். போன வருஷம் முத்து உதைத்து இடுப்பு உடைந்ததிலிருந்து நைனாவுக்கு இடது கால் இழுப்பு. நடை குறுகிவிட்டது, எண்ணிக்கை கூடிவிடுகிறது. அவருக்குத் தெரியவில்லை. சேகரிடம் சொன்னேன்.

"வுடுக்கா. பண்டிகை நாளு."

18-1, வெள்ளி
நைனா இடுப்புக்கு எண்ணெய் தேய்க்கும்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். "இப்ப இடுப்பு தேவலையா கீதும்மா. முன்ன மாதிரியே நடக்கறேன்ல?" என்று அவரே முந்திக்கொண்டார். "ஆமா நைனா" என்றேன். எனக்கே எரிச்சல்.

சட்டை தம்பிக்குத் தோளில் பிடிக்கிறது. மாற்றணும்.

20-1, ஞாயிறு
பவுனு இல்லை.

போட்டிக்கு முன்னால் எல்லோரும் களத்தை நடந்து பார்ப்பது வழக்கம். நைனா இஸ்திரி போட்ட சட்டையில். பழைய ஆட்கள் வந்து வந்து வணக்கம் வைத்தார்கள். கடைசி இரண்டு தடைகளுக்கு நடுவே நொண்டி நடந்து, எல்லார் காதிலும் விழும்படி, "ஏழுடா, சேகரு." அவன் தலையாட்டினான். நான் வேலிக்கு இந்தப் பக்கம்.

ஆறு போகிற இடத்தில் ஏழு வைத்தான். பவுனு கடைசித் தடையின் அடிவரைக்கும் போய் எழும்பினாள். முன்கால் கம்பத்தில் மாட்டியது. அவன் மேலேயே விழுந்தாள்.

பவுனு கால் எலும்பு வெளியே. சுற்றித் துணி பிடித்துக்கொண்டார்கள், குதிரை டாக்டர் கடைசி ஊசி போட்டார். தலையை நான்தான் பிடித்துக்கொண்டேன். காதுக்குள் கூடக் கரி. காலையில் சரியாகத் துடைக்கவில்லை.

22-1, செவ்வாய்
ஆஸ்பத்திரி. சேகருக்கு விலா மூன்று, முதுகெலும்பு ஒன்று. நடப்பான். இனிமேல் குதிரை ஏறக்கூடாது.

வார்டு வாசலில் வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் நைனா: "கய்தை. கடசீல ஏமாத்திடுச்சு."

அவர் டீ குடிக்கப் போனதும் சேகர்: "நடந்து பாத்தப்ப எனுக்கு ஆறுதான்கா வந்துச்சு."

"அப்புறம் ஏன்டா ஏழு?"

"அத்தினி பேரு பாத்துகினு இருக்காங்க. நைனா கணக்கு தப்புன்னு எப்டிக்கா சொல்றது? எவ்ளோ சந்தோசமா நின்னுகினு இருந்தாரு."

அறையலாம் போல் வந்தது. கஞ்சி ஊட்டினேன்.

27-1, ஞாயிறு
காற்றில்லை. வெயில். லாயத்தில் பவுனு இடத்தைக் கழுவிவிட்டேன்.

பத்து மணிக்கு நைனா மணலில் தடை வைத்துவிட்டுக் கூப்பிட்டார். "முத்து மேல நீ ஏறு. அடுத்த மாசம் இன்னொரு போட்டி கீது." நடந்தார். "ஏழு."

"ஆறு, நைனா."

முறைத்தார். திரும்ப நடந்தார், காலை வீசி வீசி. மறுபடி ஏழு. மூன்றாம் தடவை நானும் பக்கத்தில் நடந்தேன். பாதி வழியில் என் காலைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். நின்றுவிட்டார்.

மணலைப் பார்த்தபடி, "சேகருக்குத் தெர்யுமா?"

"தெரியும்" என்றேன்.

மத்தியானம் ஆகிவிட்டது. இன்னும் அங்கேயேதான் நிற்கிறார். முத்துவுக்குத் தண்ணீர் வைக்கணும்.