ஏழு விரல் அமுங்கும் ஃபோர்க்

மாப்பிள்ளை,

இன்று காலை நிவி கூடத்தில் உட்கார்ந்து ஒரு நீளமான அட்டைப்பெட்டியைப் பிரித்தாள். உள்ளே இருந்ததை நான் பார்ப்பதற்கு முன்னாலேயே அதன் வாசனை வந்துவிட்டது. ஷிப்ட் முடிந்து வந்து கொடியில் நீங்கள் கழற்றிப் போடும் சட்டையின் வாசனை. அந்த எண்ணெய் மற்றத் துணியில் ஏறிவிடும் என்று உங்கள் சட்டையை மட்டும் தனி வாளியில் ஊறவைப்பேன். அடுப்படியில் செல்வியின் கரண்டிச் சத்தம் நின்றது. அவளுக்கும் வாசனை எட்டிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

உங்கள் சைக்கிள் வண்டிக்கு, முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க் வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உங்களுக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. என்னை ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் என் கையெழுத்தைக் குறை சொல்ல முடியாது. "ஆயா, பிரிண்ட் போட்ட மாதிரி எழுதற" என்று உங்கள் மகள் நிவியே சொல்லியிருக்கிறாள். எழுத்து எனக்கு வரும். உங்களிடம் பேசுவதுதான் வெகுநாள் வராமல் இருந்தது.

எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகனிடம் நேருக்கு நேர் பேசமாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று, வேறு யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லுவாள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரகடத்துக்கு வேலைக்கு வந்து, எங்கள் தெருவில் அறை எடுத்துத் தங்கி, என் மகள் செல்வியையும் கட்டிக்கொண்ட உங்களுக்கு அது தெரியாது. தலைத் தீபாவளி அன்று "அத்தே, ஒரு சொம்பு தண்ணி தாங்க" என்று கேட்டீர்கள். நான் சொம்பை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். "அத்தைக்கு எம்மேல என்ன கோவம்?" என்று நீங்கள் செல்வியைக் கேட்டதும், அவள் சிரித்து மாளாமல் அடுப்படிக்கு ஓடி வந்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

நிவி பிறந்த பிறகு வழி கிடைத்தது. தூளியில் கிடக்கிற குழந்தையைப் பார்த்து, "உங்கப்பாவை இன்னொரு துண்டு மீன் போட்டுக்கச் சொல்லுடி" என்பேன். நீங்களும் தூளியைப் பார்த்தே, "வயிறு வெடிச்சிரும்னு ஆயாட்ட சொல்லு தாயி" என்பீர்கள். நாம் பேசிக்கொண்டதெல்லாம் அந்தத் தூளி வழியாகத்தான். அவள் பள்ளிக்கூடம் போன பிறகும் அப்படியே நடந்தது. வீட்டில் அவள் இல்லாவிட்டால் நானும் ஊமை, நீங்களும் ஊமை.

அதை உடைத்தது ஒரு பொட்டு.

அது ஆயுதபூசை. குன்றத்தூர்க் கடையிலிருந்து கைமாறி வந்த ஒரு மலைச் சைக்கிளை அப்போதுதான் வாங்கியிருந்தீர்கள். நான் அரிவாள்மனைக்கு, அம்மிக்கு, உங்கள் பைக்குக்கு எல்லாம் சந்தனம் வைத்து முடித்துவிட்டு அதனிடம் வந்தேன். முன்பக்கத்தில் கண்ணாடி மாதிரி மின்னும் இரண்டு கம்பிகள். இவ்வளவு அழகான இடத்தை விட்டுவிட்டு வேறு எங்கே வைப்பது? ஒரு கம்பியில் மூன்று விரலால் பட்டையாக இழுத்துவிட்டேன்.

"அத்தே! அந்தக் கம்பியில மட்டும் வச்சிராதீய!"

தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்கு வந்த கோபத்தில் வழக்கம் மறந்துவிட்டது. "பொட்டு இல்லாத வண்டிய எப்படி ஓட்டுவீங்க? நல்லா இருக்கீங்களே!" என்று உங்கள் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டேன். செல்வி வாயில் கை வைத்துக்கொண்டாள். நீங்கள் உங்கள் புது வேட்டியின் நுனியால் சந்தனத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள். அந்தக் கம்பி குழிக்குக் குழி உள்ளே போய் வெளியே வருவது. அது நுழைகிற வாயில் மெல்லிய ரப்பர் இருக்கிறது. சந்தனம் காய்ந்தால் மணல் மாதிரி. அது ரப்பரை அறுத்துவிடும், எண்ணெய் கசிந்துவிடும். "லைன்ல எங்களுக்கு முதப்பாடம் இதான் அத்தே. கம்பிய வெறுங்கையால தொட்டாலே சூப்பர்வைசர் கத்துவாரு." பைக்குக்கு முன் ஃபோர்க் செய்கிற கம்பெனியில் அத்தனை வருடம் நின்ற உங்களுக்கு அந்தக் கம்பியில் யார் கை வைத்தாலும் பொறுக்காது. கடைசியில் இரண்டு கம்பியும் மேலே சேருகிற தோளில் பொட்டு வைப்பது என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து நாம் நேராகவே பேசினோம்.

புது வண்டி கட்டுகிற எண்ணம் பிறகு வந்தது. அது எல்லாவற்றுக்கும் ஆகிற வண்டியாக இருக்க வேண்டும் என்றீர்கள். காலையில் ஷிப்டுக்குப் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் ஓட வேண்டும், கல்குவாரிப் பக்கத்துச் சரிவில் இறங்க வேண்டும், நிவியும் ஓட்ட வேண்டும். "கடையில முழுசா ஒண்ணு வாங்கிடக் கூடாதா?" என்றேன். "கடைக்காரனுக்கு நாம யாருன்னு தெரியாதுல்லா அத்தே" என்றீர்கள். முதலில் ஃபிரேம் வந்தது. நிவியின் தூளி கட்டிய கொக்கியில் அதைத் தொங்கவிட்டீர்கள். பிறகு சக்கரம், பிரேக், பெடல் என்று ஒவ்வொன்றாக வந்து கட்டிலுக்கடியில் சேர்ந்தன. ஃபோர்க் மட்டும் வரவில்லை. அதில்தான் உங்களுக்கு மனம் ஒரு நிலைக்கு வரவே இல்லை.

சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எனக்கு விரலால் அளந்து காட்டினீர்கள். ஐந்து விரல் அமுங்குவது ரோட்டுக்கும் கரைக்கும் போதும், பாறையில் கையை உடைத்துவிடும். ஒன்பது விரல் பாறைக்கு ராஜா. ஆனால் கனம், மேட்டில் ஏறும்போது மூக்கைத் தூக்கிக்கொள்ளும். "இந்த ஃபிரேம் ஏழு விரலுக்குன்னு பொறந்தது, அத்தே. அதுக்கு மேல ஏத்தினா ஃபிரேம் கழுத்துதான் அடி வாங்கும்." உள்ளே சுருள் கம்பி போட்டதா, காற்று அடைத்ததா என்பது அடுத்த யோசனை. சுருள் ஓர் ஆளின் எடைக்குத்தான் ஒத்து வரும். காற்று என்றால் ஆளுக்குத் தகுந்தபடி ஏற்றலாம், இறக்கலாம்.

பழைய வண்டியில் இருந்தது காற்று ஃபோர்க்தான், ஐந்து விரல். ஒருநாள் அதைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, "அத்தே, நீங்களும் பாப்பாவும் ஏறக்குறைய ஒரே எடை. கொஞ்சம் ஹேண்டில்ல சாய்ங்க" என்றீர்கள். நிவி கல்லூரிக்குப் போயிருந்தாள். நான் முந்தானையைச் செருகிக்கொண்டு இரண்டு கையையும் ஊன்றினேன். எதிர்வீட்டுக்காரி, "இன்னா பெரிம்மா, ரேசுக்கா?" என்று கேட்டாள். "ஆமாண்டி, பின்னாடி நீ உக்காந்துக்கோ" என்றேன். நீங்கள் சின்னப் பம்பால் காற்றை இறக்கி, ஏற்றி, கம்பியில் இருந்த ரப்பர் வளையம் எதுவரை நகர்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். "கணக்கு துல்லியமா வராது, ஒரு மட்டுக்குத் தெரியும்" என்றீர்கள். பிறகு உங்கள் எடைக்கே திரும்பக் காற்றடித்து, மூடியைத் திருகி வைத்தீர்கள். "காத்துதான் அத்தே. நம்ம வீட்டுக்குக் காத்துதான்."

அடுத்த பங்குனியில், முதல் ஷிப்ட் முடிந்து வந்தீர்கள். "அத்தே, மோர் இருக்கா?" என்று கேட்டீர்கள். நான் மோரோடு வந்தபோது சுவரில் சாய்ந்திருந்தீர்கள். அந்த மோரை நீங்கள் குடிக்கவில்லை.

ஃபிரேம் கொக்கியிலேயே கிடந்தது. செல்வி அதன்மேல் உங்கள் பழைய வேட்டியைப் போட்டு மூடினாள். உங்கள் பழைய சைக்கிள் நீங்கள் நிறுத்திய இடத்திலேயே நின்றது. கூட்டும்போதுகூட அதை அவள் நகர்த்தவில்லை.

உங்கள் மகள் இப்போது வேலையில் இருக்கிறாள், மாப்பிள்ளை. ஒரு கம்பெனியில் குவாலிட்டியில். அவள் கையெழுத்துப் போடாமல் அங்கே ஒரு சாமான் வெளியே போகாது. எதிர்வீட்டுக்காரிக்கு இதை நான் சொல்லிச் சொல்லி அவளே ஒப்பிப்பாள். கல்குவாரிச் சரிவில் ஆண்பிள்ளைகள் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற இடத்தில் இவள் சிநேகிதியின் வண்டியில் உட்கார்ந்தே இறங்கியிருக்கிறாள். போன மாதம் வந்து, "அப்பா வண்டிய முடிச்சிடலாம் ஆயா. ஒன்பது விரலே போட்டுடலாம், கெத்தா இருக்கும்" என்றாள்.

"ஷிப்டுக்கு எதுல போவ?"

"கம்பெனி பஸ்ல."

"அப்ப அது உங்கப்பா வண்டி இல்ல. உன் வண்டி. தனியா ஒண்ணு கட்டிக்கோ."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு நீளமான ஃபோர்க் போட்ட வண்டி ஒன்றை யாரிடமோ கேட்டு வாங்கி, மேட்டில் ஏற்றிப் பார்த்துவிட்டு வந்தாள். "முன்சக்கரம் பேச்சே கேக்கல ஆயா. குடிச்சவன் மாதிரி அப்டி இப்டி போவுது" என்றாள். அவளாகவே ஏழு விரலுக்கு வந்தாள்.

ஆனால் செல்வி வாயைத் திறக்கவில்லை. முடிக்கலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் அந்த வேட்டியை யார் எடுப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை நிவி, எவ்வளவு காற்று தனக்கு ஒத்து வரும் என்று தெரிந்துகொள்ள, உங்கள் பழைய சைக்கிளிடம் போய்ப் பம்பைக் கையில் எடுத்தாள். மூடியைத் திருகக் கை வைத்திருப்பாள். செல்வி ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

"கைய எடுடி! கொன்னுடுவேன்!"

"இன்னாம்மா? கொஞ்சம் காத்து எறக்கிட்டு எனக்கு ஏத்த மாதிரி..."

"அது அவர் அடிச்ச காத்துடி."

நிவி பம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

மாப்பிள்ளை, எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. நீங்கள் போனதிலிருந்து நான் தினமும் அந்த ஹேண்டிலில் கை ஊன்றிச் சாய்ந்து பார்ப்பேன், நீங்கள் காட்டிக்கொடுத்தது போலவே. முதலில் என் பாரத்துக்கு அது அசைந்து கொடுக்கவே யோசிக்கும். இப்போதெல்லாம் கை வைத்ததும் இறங்குகிறது. யாரும் மூடியைத் திறக்கவில்லை. காற்று தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. செல்வியிடம் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை. அன்று சாயங்காலம் மொச்சை உரித்துக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன்.

"செல்வி, நாம தொடாட்டியும் அது எறங்கிக்கினுதான் கீது."

அவள் தலையைத் தூக்கவில்லை. "தெரியும்மா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ குளிக்கப் போவும்போது நானும் அமுக்கிப் பாக்கறேன்."

மொச்சை மடியிலிருந்து உருண்டு போயிற்று. இத்தனை மாதமாக அழாதவள் அன்று அழுதாள். நான் தடுக்கவில்லை. பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "ஏழு விரல்தானே சொன்னாரு? காத்து அடைக்கறதுதானே?" என்றாள்.

"ஆமா."

"வாங்கிக்கச் சொல்லு அவள. அந்தப் பழசுல மட்டும் யாரும் கை வெக்கக் கூடாது. அது பாட்டுக்குப் போவட்டும்."

ஒரு காலத்தில் நான் உங்களிடம் பேசுவதற்கு நிவியை நடுவில் வைத்தேன். இப்போது நிவியிடம் பேசுவதற்குச் செல்வி என்னை நடுவில் வைக்கிறாள். பெட்டி வந்த கதை இதுதான்.

இங்கே நிறுத்திவிட்டு எழுந்து போனேன். இப்போது சாயங்காலம்.

நிவி ஃபிரேமை இறக்கி, குன்றத்தூர்க் கடைக்கு எடுத்துக்கொண்டு போய், எல்லாவற்றையும் மாட்டி, வண்டியாகக் கொண்டு வந்து நிறுத்தினாள். கொக்கி காலியாக இருக்கிறது. பம்பை நிவி எடுக்கப் போனாள், செல்வி வாங்கிக்கொண்டாள். நிவி சுவரைப் பிடித்துக்கொண்டு பெடலில் ஏறி நின்றாள், இறங்கினாள், மறுபடி நின்றாள். செல்வி ஒவ்வொரு தடவையும் குனிந்து வளையத்தைப் பார்த்தாள். அப்படிக் குனிந்து பார்க்க அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உங்களைப் பார்த்திருக்கிறாள்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம் அடிம்மா... போதும், போதும்!"

செல்வி மூடியைத் திருகினாள். திருகிய பிறகும் விரலைக் கொஞ்ச நேரம் அதன்மேலேயே வைத்திருந்தாள்.

நான் சந்தனம் குழைத்து எடுத்து வந்தேன். குனிந்து கையை நீட்டினேன். தாயும் மகளும் ஒரே குரலில் கத்தினார்கள், "அந்தக் கம்பியில வேணாம்!"

என் விரல் ஏற்கெனவே தோளுக்குப் போய்விட்டிருந்தது. பொட்டை அழுத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

"எனக்குச் சொல்றீங்களா? எங்க மாப்பிள்ளை என்கிட்டதாண்டி அதை நேரா சொன்னாரு" என்றேன்.