எர்னாவின் வயலில் உன் பார்லி

த்ரெஸ் அரோயோஸ்
டிசம்பர் 18

அன்பு மகள் அஸ்ட்ரித்துக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம், அவர் முழங்கால் மட்டும் நலமில்லை, கனடாவின் பனியில் உன் உடம்பு எப்படி என்பது நீ எழுதினால்தான் தெரியும். பூமியின் இந்தத் தெற்குக் கோடியில் இப்போது கோடை வெயில். கோதுமை இன்னும் நிற்கிறது. பார்லி அறுத்தாயிற்று, வயல் மொட்டையடித்த தலை மாதிரி கிடக்கிறது.

நீ உருவாக்கிய நாற்பத்தொன்றாம் எண் பார்லியைச் சோதிக்க ஆய்வு நிலையம் இந்த வட்டாரத்தில் இரண்டே வயல்களைத் தேர்ந்தெடுத்தது, ஒன்று நம்முடையது, மற்றது வேலிக்கு அந்தப் பக்கம் எர்னா மாட்ஸனுடையது. எனக்குப் பெருமைதான். பாதிப் பெருமை. செப்டம்பரில் பயிருக்கு இலைப்புள்ளி நோய் வந்திருக்கிறதா என்று நீ கேட்டது அவளிடம்தான். முதலில் நம் வீட்டுக்குத்தான் கூப்பிட்டாய், நாங்கள் வெளியே இருந்தோம், யாரும் எடுக்கவில்லை, தெரியும். தெரிந்து என்ன. அக்டோபர் கடைசி ஞாயிறன்று இறைச்சி சுடும் இடத்தில், எல்லார் முன்னாலும், எல்லாரும் மாற்றி மாற்றி உறிஞ்சும் மாத்தே தேநீர்க் குடுவையை என்னிடம் நீட்டிக்கொண்டே அவள், "ஏண்டி நெலி, உன் மக உன்கிட்ட சொல்லலையா? எங்கிட்ட அரைமணி நேரம் பேசினாளே. அவ பயிருக்கு என் மண்ணுதான் பிடிச்சிருக்கு, உன்னுதவிட ஒரு சாண் ஒசரம்" என்றாள். அப்பாகூடச் சிரித்தார். முதல் சுற்றிலேயே நன்றி, போதும் என்று குடுவையைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் ரொட்டியை ஊர் புகழும்போது தாங்கிக்கொண்டேன், அவள் ரோஜாக்களையும். உன் விஷயம் அப்படியில்லை.

மறுநாள் மதியம் ஊரே தூங்கும் நேரத்தில் யூரியா வாளியோடு நம் வயலுக்குப் போனேன். உன் பாத்திகளுக்கு மட்டும். கதிர் தலைகாட்டும் பருவம். பீர் ஆலைக்குப் போகும் பார்லிக்கு அப்போது யூரியா கூடாது, மணியில் புரதம் ஏறிவிடும், ஏறினால் மாட்டுக்குத்தான் ஆகும். முப்பது வருஷமாக விதைக்கிறவளுக்கு இது தெரியாதா. அவள் பயிரை முந்தினால் போதும் என்று தெரிந்தே தூவினேன். பயிர் கருகருவென்று பச்சை பிடித்தது. எர்னா வேலியோரம் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். அந்த மௌனத்தை ஒரு வாரம் வைத்துத் தின்றேன்.

போன வாரம் நிலையத்து ஃபாபியான் முடிவுகளைக் கொண்டுவந்தான். விளைச்சலில் அவளை முந்தியிருந்தேன். ஒரு நொடி சந்தோஷம். பிறகு புரதம். அவளிடம் நூற்றுக்குப் பதினொன்று, நம்மிடம் பதிமூன்றரை. பன்னிரண்டுக்கு மேல் ஆலை தொடாது. "நெலியம்மா, உங்க மண்ணுல ஏதோ இருக்கு போல. ரெண்டுல ஒரு வயல் இப்படிக் காட்டினா, மார்ச் தேர்வுக் கூட்டத்துல நாப்பத்தொண்ணத் தள்ளிடுவாங்க. ஆறு வருஷ வேலை. பாவம் உங்க பொண்ணு" என்றான். அவனுக்குக் காபி ஊற்றினேன்.

நான்கு நாள் மறைத்தேன். இன்று காலை நிலையத்துக்குப் போய் யூரியா தூவியதைச் சொல்லிவிட்டேன். ஃபாபியான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எர்னாம்மாவத் தோக்கடிக்கவா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னான், போட்டேன். நம் வயலின் எண்களை எடுத்துவிடுவார்கள். அடுத்த வருஷம் உன் பாத்திகள் எல்லாம் எர்னாவிடம். இனி நம்மிடம் எதுவும் விதைக்கமாட்டார்கள்.

கூட்டத்தில் உன்னைக் கேட்பார்கள். அம்மாவைக் காப்பாற்றுவதாக நினைத்து மண்மேல் பழி போடாதே. மண் ஒன்றும் செய்யவில்லை. எர்னாவின் பதினொன்றைக் காட்டு, அதுதான் உன் பார்லி. இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

கடவுள் உன்னையும் உன் கதிர்களையும் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, ஈரக் காலுறையோடு ஆய்வகத்தில் நிற்காதே. ஒன்றை மறக்காதே, உன் பயிரை இனி பார்த்துக்கொள்ளப் போகிறவள் அவள், எர்னாவுக்கு ஒரு நன்றி அட்டை அனுப்பு. சின்னதாக.

உன் அம்மா,
நெலி