கெளுத்தி முள்ளும் என் கட்டைவிரலும்

6-12-87, ஞாயிறு
காலையில் தூறல், பிறகு வெயில். வன்னியம்பட்டிக் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்கிறது. நானும் செல்வம் அண்ணனும் தூண்டில் போடப் போனோம். விராலுக்கு மாசி, பங்குனி வரவேண்டும், தண்ணீர் வற்றினால்தான் அது. இப்போது கெளுத்திதான்.

கொண்டுபோனது: மூங்கில் கம்பு 2, நைலான் நரம்பு, மயிலிறகுத் தண்டு மிதப்பு, கொக்கி 6, கொட்டாங்குச்சியில் மண்புழு, ஒயர் கூடை.

ஒன்பது கெளுத்தி. முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று அதன் மூன்று முள்ளையும் ஒடித்த பிறகே கூடையில் போடவேண்டும். ஒடிக்காமல் போடுகிறான் என்று அண்ணனை வருஷக்கணக்காகத் திட்டுவது நான்தான். இன்று மிதப்பு மறுபடி அமுங்கிய அவசரத்தில் ஒன்றை அப்படியே போட்டேன். அப்புறம் கூடைக்குள் கைவிட்டேன். வலது கட்டைவிரலில் ஏறிவிட்டது.

“ஏட்டி, முள்ள ஒடிக்காமலா போட்ட? நீயா?”

சிரித்தவன், என் விரல் வீங்கியதும் சிரிப்பை நிறுத்தினான். புதன்கிழமை மில்லில் டெஸ்ட். நூல் சுற்றும் கோன் வைண்டிங்கில் மூன்று வருஷமாக டெம்பரரி. அறுந்த நூலில் நிமிஷத்துக்கு எத்தனை முடிச்சு போடுகிறேன் என்று பார்த்துத்தான் பெர்மனென்ட். கட்டைவிரல் இல்லாமல் முடிச்சு ஏது? முட்டாள், முட்டாள்.

7, திங்கள்
விரல் எலுமிச்சம்பழம் மாதிரி. உப்புப் போட்ட சுடுதண்ணீர், மூன்று தடவை. ராஜபாளையம் பஸ்ஸில் கை முந்தானைக்குள். மில்லில் தெரிந்தால் “அடுத்த தடவை பாப்போம்” என்பார்கள். அடுத்த தடவை எப்போது என்று யாருக்குத் தெரியும்?

பக்கத்து மெஷின் மேரி அக்கா: “கேட்டா மருதாணி வச்சிருக்கேன்னு சொல்லு.” மருதாணி வீங்குமா?

சாயங்காலம் அண்ணன் வந்தான், கையில் நூல்கண்டு. “எடது கைல போட்டுப் பாரு. வலது கைல கம்பப் பிடிச்சுக்கிட்டு எடது கையாலயே எம்புட்டு கொக்கி கட்டிருக்க!”

8, செவ்வாய்
மழை. விரல் இன்னும் மடங்கவில்லை. இடது கை: முதல் இருபது முடிச்சும் நழுவல். அடுத்த இருபதில் ஏழு நின்றது. ராத்திரிக்குள் எல்லாம் நின்றது. ஆனால் மெதுவாகத்தான். பயமாக இருக்கிறது.

9, புதன்
டெஸ்ட். மாஸ்டர் கையில் வாட்ச். பக்கத்தில் நின்ற பெண் பதினாலு, நான் பதினொன்று. தொலைந்தது என்று நினைத்தேன். பிறகு ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். அவளுடையதில் ஐந்து அவிழ்ந்தது. என்னுடையதில் ஒன்றுகூட இல்லை. கெளுத்தி இழுத்தே அவிழாதது, இவர் இழுத்தா?

“நீ எடது கைக்காரியாம்மா?”

“ஆமா சார்.” வாய் தானாகச் சொல்லிவிட்டது.

11, வெள்ளி
போர்டில் என் பேர். இரண்டு தடவை வாசித்தேன். பாத்ரூமில் போய் நன்றாக அழுதேன். அப்பாடா.

அண்ணன் கெளுத்தி கொண்டுவந்தான். ஒடித்த முள்ளெல்லாம் தனிப் பொட்டலம். “நல்லா எண்ணிக்கோ.”

14, திங்கள்
வெயில். விரல் சரியாகிவிட்டது. ஜம்மென்று வலது கையில் வேலை ஓடியது. மேரி அக்கா இருமினாள், மாஸ்டர் வருகிறார் என்று அர்த்தம். சட்டென்று கை மாற்றினேன். ரிட்டயர் ஆக இன்னும் முப்பது வருஷம் இருக்கிறது.