சீவாத ஆப்பிள்

அன்பு மகளுக்கு,

இங்கே நான் நலம், வீடு நலம். அப்பாவைக் கேட்டால் அவரும் நலம் என்பார். அவருடைய ரத்தப் பரிசோதனைத் தாளைக் கேட்டால் அது வேறு சொல்லும். நீ நலமாக இருப்பாய் என்று நம்பித்தான் இத்தனை எரிச்சலையும் ஒரே உறையில் போட்டு அனுப்புகிறேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் கூப்பிட்டால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அவர் முகத்துக்கு நேரே குறை சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. கொஞ்ச நாள் முதுகுக்குப் பின்னால் சொல்லிப் பார்க்கிறேன்.

ஆறு வாரம் முன்பு உளி வழுக்கிக் கட்டைவிரலில் வெட்டு என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அந்தக் கட்டுப் போடப் போன இடத்தில்தான் நர்ஸ் வயதைக் கேட்டுவிட்டுச் சர்க்கரையும் பார்த்தாள். எல்லைக்கோட்டில் நிற்கிறது. நோய் இன்னும் உள்ளே வரவில்லை, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், சாப்பாட்டை மாற்றுங்கள், நடங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார். அதில் பாதி ஓடிவிட்டது. மாறியது விரலில் இருந்த கட்டு மட்டும்.

என்ன சாப்பிடுவீர்கள் என்று நர்ஸ் கேட்டதற்கு அப்பா பெருமையாகச் சொன்னார். வெள்ளை ரொட்டி. தோல் நீக்கிய பருப்பு. வடிகட்டிய பழச்சாறு. பழம், வெள்ளரி, கேரட், உருளைக்கிழங்கு, எதுவானாலும் தோல் சீவித்தான். அவள் சிரித்துவிட்டாள். ஏன் ஐயா, நார்ச்சத்தை எல்லாம் குப்பைக் கூடைக்குக் குடுத்துட்டு மிச்சத்தையா நீங்க சாப்பிடுறீங்க, என்றாள். நார் இருந்தால் சர்க்கரை ரத்தத்தில் மெதுவாகத்தான் சேருமாம், தெருவில் வேகத்தடை மாதிரி. தவிட்டோடும் தோலோடும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த நோய் வருவது குறைவாம். நீங்க தச்சருன்னு ரோட்டையும் வழவழன்னு இழைச்சு வெச்சிருக்கீங்க, என்றாள். அப்பாவும் சிரித்தார். பெரியப்பாவும் இப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தார், சர்க்கரையில் கால்விரல் இரண்டு போகும்வரை.

நீ அனுப்பிய நார்ச்சத்துப் பொடி டப்பா வந்தது. வராமலே இருந்திருக்கலாம். வடிகட்டிய சாற்றில் இரண்டு கரண்டி கலக்கிக் குடிக்கிறார். நாரு உள்ள போயாச்சு, இனி பயமில்ல, என்று சொல்லிவிட்டு ஜாம் தடவி நாலு ரொட்டி. மக அனுப்பிச்சது, வீணாக்கலாமா, என்று கேள்வி வேறு. இன்னொரு டப்பா அனுப்பினாயோ, திருப்பி அனுப்பிவிடுவேன்.

தவிடு நீக்காத மாவு வாங்கி வைத்தேன். நான் குளித்துவிட்டு வருவதற்குள் சலித்துவிட்டார். தவிட்டை நாலாக மடித்த காகிதத்தில் கட்டி எதிர்வீட்டுக் கோழிகளுக்குக் கொடுத்தாயிற்று. அந்தக் கோழிகளுக்கு ஆயுளுக்கும் சர்க்கரை வராது. எதிர்வீட்டுத் தையல்காரி தினமும் நன்றி சொல்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பொறுமை போய்விட்டது. சமையலறை மேசையில் உட்கார்ந்து ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தார். உனக்குத்தான் தெரியுமே, இழைப்புளி பிடித்த கை, தோல் அறுபடாமல் ஒரே சுருளாக வரும். அந்தச் சுருளைப் பார்த்ததும் எனக்குக் கோபம் எங்கிருந்து வந்ததோ. கத்தியைப் பிடுங்கினேன். உங்க அண்ணன் காலைப் பாத்துமா புத்தி வரல, ஒரு தோலுக்கு இவ்வளவு பிடிவாதமா, என்று கத்தினேன்.

அவர் கத்தவில்லை. சுருளை விரலில் சுற்றினார். பிரித்தார். பிறகு சொன்னார்.

அப்போது உனக்கு நாலு வயது. நான் தொலைபேசி நிலையத்தில் மாலை ஷிப்ட். பட்டறையில் அவர் ஒரு கதவுக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தார், நீ மரத்தூளில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாய். தேய்க்கிற சத்தத்தில் எதுவும் கேட்கவில்லையாம். நிறுத்தியபோதும் எதுவும் கேட்கவில்லையாம். திரும்பிப் பார்த்திருக்கிறார். நீலமா இருந்தா, என்றார். இவ்வளவு தோல், இந்த நகம் அளவு, தொண்டைல. காலைப் பிடிச்சுத் தலைகீழாத் தூக்கி முதுகுல அடிச்சேன். எத்தனை அடின்னு தெரியாது, அவ அழுற வரைக்கும்.

எனக்கு அந்த முதுகு ஞாபகம் இருக்கிறது. ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றியபோது சிவந்து கிடந்தது. கேட்டதற்கு, மேசையிலிருந்து விழுந்துவிட்டாய் என்றார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாத மனிதர் என்று இரண்டு நாள் திட்டினேன். வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு இந்த வீட்டில் தோலோடு எதுவும் தட்டுக்கு வந்ததில்லை. உனக்குத் தோல் பிடிக்காது என்று ஊரெல்லாம் நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் கண் கலங்கியது, மறைக்கவில்லை. ஒரு நிமிடம் இருக்கும். அடுத்த நிமிடம் எரிச்சல் திரும்பி வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம்! அந்தத் தொண்டை வளர்ந்து, படித்து, கடல் தாண்டிப் போய் ஆறு வருஷம் ஆகிறது. இவர் இன்னும் அதற்குச் சீவிக்கொண்டிருக்கிறார். இடையில் அகப்பட்டது என் தட்டும் அவர் ரத்தமும். இதை அவரிடமே சொன்னேன். தெரியுது, கைதான் கேக்க மாட்டேங்குது, என்றார். இப்படிப் பதில் சொல்கிற மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது?

நீயும் ஒழுங்கில்லை. மதியத்துக்கு அலுவலகத்தில் இரண்டு பிஸ்கெட், சாயங்காலம் கண்ணாடி மாதிரித் தெளிந்த ஒரு சூப். பெரியப்பாவின் ரத்தமும் அப்பாவின் ரத்தமும்தான் உனக்குள்ளும் ஓடுகிறது. இருபத்தாறு வயதில் காது கேட்காது, தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். பருப்பைத் தோலோடு வாங்கு. பழத்தைக் கடித்துத் தின்னு, குடிக்காதே.

இப்போது உனக்கு ஒரு வேலை. இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு. கையில் ஓர் ஆப்பிளோடு உட்கார். சீவாதே. நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே, அறிவுரையும் வேண்டாம், அதற்கு இங்கே ஆள் இருக்கிறது. வேலையைப் பற்றிப் பேசு, வீட்டு வாடகையைப் பற்றிப் புலம்பு, பேசிக்கொண்டே முழுசாகத் தின்று முடி. இந்தப் பக்கம் அவருக்கு முன்னால் நான் இன்னோர் ஆப்பிள் வைத்திருப்பேன். கத்தி என் மடியில் இருக்கும். கரடியாகக் கத்தியும் நான் செய்ய முடியாததை உன் தொண்டை செய்யட்டும். மறுபரிசோதனைக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது.

பல்லும் வயிறும் கடைசிவரை உனக்குத் துணையிருக்கட்டும், நீ போகிற இடமெல்லாம் நன்றாக இரு.

ஒன்று மறக்காதே. சின்னச் சின்னதாகக் கடி, நன்றாக மென்று விழுங்கு. அவர் உன் முகத்தைப் பார்க்க மாட்டார், கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். உனக்குப் புண்ணியமாகப் போகும், இருமி மட்டும் தொலைக்காதே.

இப்படிக்கு,
கத்தியை மடியில் வைத்திருக்கும்
உன் அம்மா